ரசிகர் குழு யாருக்காகப் பேசுகிறது? பதிவேட்டைக் காட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010 டிசம்பரில் போட்ட 15 ஆண்டு வணிக உரிமை ஒப்பந்தம் முடியும் தறுவாய்க்கு வந்ததால், ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் போட்டியின் 2025-26 பருவம் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. அந்த மாதங்களில் சம்மேளனம் பேசியது, கிளப் முதலாளிகள் பேசினார்கள், வீரர்கள் பேசினார்கள், உச்ச நீதிமன்றம் வரை விவகாரம் போனது. ரசிகர் குழுக்களும் குரல் கொடுத்தன. ஆனால் நம் நாட்டில் அவர்களுக்கென்று சட்டப்படி ஒரு நாற்காலி எங்கும் கிடையாது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கால்பந்து பார்க்கும் இளைஞர்கள் நடுவே அதிலிருந்து ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ரசிகர் குழு என்பது உண்மையிலேயே ரசிகர்களின் பிரதிநிதியா? அது சொன்னால் கிளப் கேட்குமா? இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் விவாதம் கரை சேர மாட்டேன் என்கிறது. பிரதிநிதித்துவம் இல்லாமலே செல்வாக்கு இருக்க முடியும். முழுப் பிரதிநிதித்துவம் இருந்தும் செல்லாக்காசாக நிற்கவும் முடியும்.

முதலில் பிரதிநிதித்துவம். ‘சென்னையின் எஃப்.சி.’ என்ற ஐ.எஸ்.எல். கிளப்புக்கு பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்று பெயர் பெற்ற இரண்டு குழுக்கள் உண்டு. பெங்களூருக்கு வெஸ்ட் பிளாக் ப்ளூஸ், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு மஞ்ஞப்பட. ஆட்டம் நடக்கும் 90 நிமிடமும் தொண்டை கிழியக் கத்துவது, மேளம் அடிப்பது, ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பெரிய துணியில் படம் வரைவது, வெளியூர் ஆட்டத்துக்குப் பேருந்து பிடித்துப் போவது எல்லாம் இவர்கள்தான். இவர்கள் இல்லாத கேலரியைத் தொலைக்காட்சியில் பார்க்கச் சகிக்காது. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உழைப்பு வேறு, ஒப்புதல் வேறு. ஒரு ஸ்டாண்டில் நின்று பாடுபவர்கள் எதிர் ஸ்டாண்டில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பவரிடம் எதையும் கேட்டதில்லை. நானூறு கிலோமீட்டர் தள்ளி இங்கே செட்டிநாட்டில் உட்கார்ந்து பார்ப்பவரிடம் கேட்க வழியே இல்லை. ஒரே கிளப்புக்கு இரண்டு குழுக்கள் இருக்கும்போது, அவை ஒரு விஷயத்தில் முரண்பட்டால் எது ரசிகர் குரல் என்று எதை வைத்துத் தீர்மானிப்பது?

எங்கள் பகுதிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நகரத்தார் கோயில்களில் திருமணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. இந்தக் கோயிலுக்கு எத்தனை புள்ளி என்று கேட்டால், யாரும் உத்தேசமாகக் கை விரித்துச் சொல்வதில்லை; கணக்கைப் பார்த்துச் சொல்வார்கள். பெரிய வீடானாலும் சின்ன வீடானாலும் ஒரு புள்ளி ஒரு புள்ளிதான். ரசிகர் குழுக்களிடம் இல்லாதது இந்தப் புள்ளிக் கணக்குதான்.

‘எங்களுக்கு 50 ஆயிரம் பேர் இருக்கிறார்கள்’ என்று ஒரு குழு சொன்னால், அது சமூக ஊடகத்தில் பின்தொடர்பவர்கள் எண்ணிக்கையாகவே இருக்கும். அதில் பாதிப்பேர் எதிரணி ரசிகராகவும் இருக்கலாம். வாட்ஸ்அப் குழு என்றால் ஒன்றில் 1,024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. ஆகவே நான்கு, ஐந்து குழுக்கள் திறப்பார்கள். அதே ஆள் அதே எண்ணில் மூன்று குழுக்களில் இருப்பார். எல்லாவற்றையும் கூட்டி ஒரு எண் சொல்வார்கள். கொஞ்சம் முறையாக நடப்பவர்கள் கூகுள் படிவத்தில் பெயர் வாங்குகிறார்கள், இலவசமாக. இலவச உறுப்பினர் பட்டியலுக்கு ஒரு நோய் உண்டு. அது ஏறுமே தவிர இறங்காது. ஆட்டம் பார்ப்பதை விட்டவர், வெளிநாடு போனவர், எண் மாற்றியவர் எல்லோரும் அதில் இருந்துகொண்டே இருப்பார்கள். பிறகு பொதுக்குழு கூட்டினால், மொத்த உறுப்பினரில் கால்வாசிப் பேர் வந்தால்தான் கோரம் என்று விதியில் எழுதிவைத்திருப்பார்கள். வருவது நூறு பேர். கோரம் சேராது, கூட்டம் ஒத்திப்போகும், கடைசியில் நிர்வாகக் குழுவே எல்லாவற்றையும் முடிவு செய்யும். பத்துப் பேர் முடிவெடுத்து ஐம்பதாயிரம் பேர் பெயரில் அறிக்கை விடுவது இப்படித்தான் நடக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பதிவேடு சுத்தமாக இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு மருந்து பெரிய செலவில்லாதது. ஆண்டுச் சந்தா வையுங்கள், 50 ரூபாயோ 100 ரூபாயோ போதும். தொகை முக்கியமில்லை; ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். புதுப்பிக்காதவர் பெயர் தானாக உதிரும். பதிவேட்டில் பெயர், ஊர், வயது, தொலைபேசி எண், சேர்ந்த தேதி, கடைசியாகச் சந்தா கட்டிய தேதி, சீசன் டிக்கெட் உண்டா இல்லையா என்ற ஏழு பத்திகள் போதும். 18 வயது நிறைந்தவருக்கு வாக்கு. ஒருவருக்கு ஒரு வாக்கு. ஆயிரம் ரூபாய் நன்கொடை கொடுத்தவருக்கும் அதே ஒன்று. வாக்கெடுப்புக்கு 60 நாளைக்கு முன்பு சேர்ந்தவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம் என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். அந்த வரி இல்லாத சங்கத்தில், தேர்தலுக்கு முந்தின வாரம் ஒருவர் தன் நண்பர்கள் இருநூறு பேருக்குச் சந்தா கட்டிச் சேர்த்து, ஒரே மாலையில் சங்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இல் வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். நோக்கக் குறிப்பு, துணைவிதிகள், நிர்வாகிகள் பட்டியல் கொடுக்க வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டைத் தாண்டக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, வரவு செலவு வைத்து, பதிவாளருக்குத் தாக்கல் செய்ய வேண்டும். சங்கத்தின் பெயரில் பான் அட்டை, இரண்டு பேர் கையெழுத்து போட்டால்தான் பணம் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு. இவ்வளவும் ஊர்ப் பக்கத்து இளைஞர் மன்றங்கள் தாமாகவே செய்கிற காரியங்கள்தான். கால்பந்து ரசிகர் குழுக்கள் பலவற்றில் பணம் இன்னும் ஒருவருடைய ஜிபே எண்ணுக்குத்தான் போகிறது. படம் வரையத் துணி, பெயின்ட், வெளியூர்ப் பயண வண்டி வாடகை என்று லட்சக்கணக்கில் புழங்கும் பணத்துக்கு ரசீது இல்லாதபோது, முதலில் கெடுவது நட்பு. குழு இரண்டாக உடைவதற்குக் கொள்கை வேறுபாடு காரணம் என்று வெளியே சொல்வார்கள். உள்ளே விசாரித்தால் டிஃபோ, அதாவது கேலரியில் விரிக்கும் பெரிய துணிப்படம், அதன் நிதிக் கணக்கில் வந்து நிற்கும்.

பதிவேட்டை விடவும் சங்கடமான விஷயம் ஒன்று உண்டு. கிளப் கொடுக்கும் சலுகைகள். இலவச டிக்கெட், மேளத்தையும் பேனரையும் முன்கூட்டியே உள்ளே கொண்டுபோக அனுமதி, ஜெர்சி, வீரர்களோடு படம், சில நேரம் வெளியூர்ப் பயணத்துக்கு வண்டி. இவற்றில் ஒன்றும் குற்றமில்லை. ஆனால் செஞ்சோற்றுக் கடன் என்பது பொல்லாதது. அடுத்த பருவம் டிக்கெட் விலை ஏறும்போது, இலவச டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவர் எப்படி வாயைத் திறப்பார்? திறந்தால் மேளத்துக்கான அனுமதி அடுத்த ஆட்டத்தில் ‘பாதுகாப்புக் காரணத்தால்’ நின்றுபோகுமோ என்ற பயம் இருக்கத்தான் செய்யும். வாங்குவதை நிறுத்தச் சொல்லவில்லை. பருவ முடிவில் எதை எதை வாங்கினோம், யார் யாருக்குக் கொடுத்தோம் என்று ஒரு பக்கம் வெளியிடுங்கள். நிர்வாகிகள் மட்டுமாவது தங்கள் டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்குங்கள். கிளப்பிலோ அதன் விளம்பரதாரரிடமோ சம்பளம் வாங்குபவர் நிர்வாகக் குழுவில் இருக்கக் கூடாது என்று துணைவிதியில் எழுதுங்கள்.

அடுத்தது கருத்துக் கேட்பு. பெரும்பாலான குழுக்கள் இதில்தான் சறுக்குகின்றன. ‘அநியாய விலை உயர்வை எதிர்க்கிறீர்களா?’ என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆமாம் என்பார்கள். அந்த விடையை எடுத்துக்கொண்டு கிளப் நிர்வாகியிடம் போனால் அவர் சிரித்து அனுப்பிவிடுவார். 150 ரூபாய் என்றால் எத்தனை ஆட்டத்துக்கு வருவீர்கள், 200 என்றால், 300 என்றால் என்று விலையை வைத்துக் கேட்க வேண்டும். பத்து நாள் திறந்து வைத்து, ஒரு எண்ணுக்கு ஒரு விடை என்று பூட்டி, சீசன் டிக்கெட்காரர், ஆட்டத்துக்கு ஆட்டம் வாங்குபவர், வெளியூரிலிருந்து வருபவர், தொலைக்காட்சியில் மட்டும் பார்ப்பவர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் என்று தனித்தனியாக எண்ண வேண்டும். ஏனென்றால் இவர்கள் கேட்பது ஒன்றல்ல. கேலரியில் நிற்கும் இளைஞனுக்கு மேளம் வேண்டும். மகளோடு வரும் அம்மாவுக்குச் சுத்தமான கழிப்பறை வேண்டும். முடிவை வெளியிடும்போது சதவீதம் மட்டும் போடாமல், எத்தனை பேருக்கு அனுப்பினோம், எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்ற இரண்டு எண்களையும் போட வேண்டும்.

வெளியூர் ரசிகர் விஷயத்தில் எங்கள் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஆட்டம் இரவு 7.30க்குத் தொடங்கினால் முடிய 9.30 ஆகிவிடும். காரைக்குடிக்கு வரும் பல்லவன் மாலை நான்கு மணிக்கு முன்பே எழும்பூரை விட்டுக் கிளம்பிவிடுகிறது. காரைக்குடி வழியாகப் போகும் ராமேஸ்வரம் ரயில்களும் செங்கோட்டை சிலம்பும்கூட இறுதி விசிலுக்கு முன்பே போய்விடும். மிச்சமிருப்பது பேருந்து, விடிந்துதான் வீடு. ஆட்டம் மாலை 5 மணிக்கு என்றால் கதையே வேறு, சிலம்பு ஓடும் நாளில் அதைப் பிடித்துவிடலாம். தொடக்க நேரத்தைத் தொலைக்காட்சிதான் தீர்மானிக்கிறது என்பது தெரியும். ஆனாலும் ஒரு பருவத்தில் உள்ளூரில் நடக்கும் ஆட்டங்களில் இரண்டு மூன்று ஆட்டங்களாவது சனி, ஞாயிறு மாலை நேரத்துக்கு வர வேண்டும் என்று கேட்க ஒரு சங்கம் வேண்டாமா? சென்னைக்குள் இருப்பவருக்கு மெட்ரோ இருக்கிறது, இந்தக் கேள்வி அவர் மனத்தில் எழவே எழாது. நிர்வாகக் குழுவில் ஓரிரு இடங்களை வெளி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒதுக்கினால்தான் இது பேச்சுக்கே வரும்.

இப்போது செல்வாக்குக்கு வருகிறேன். கிளப் எப்போது கேட்கும்? தன்னால் இழக்க முடியாத ஏதோ ஒன்று ரசிகர் கையில் இருக்கும்போது கேட்கும். அது பங்காக இருக்கலாம், வாக்காக இருக்கலாம், டிக்கெட் காசாக இருக்கலாம், சட்டமாக இருக்கலாம், நிரம்பி வழியும் அரங்கமாகக்கூட இருக்கலாம். இதில் ஒன்றுமே இல்லாமல் அறிக்கை மட்டும் இருந்தால், மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்புவார்கள்.

டிக்கெட் காசு எப்படி வேலை செய்யும் என்பதற்கு லிவர்பூல் 2016 போல ஒரு பாடம் கிடையாது. அடுத்த பருவத்தில் புதிய மெயின் ஸ்டாண்டின் மிக உயர்ந்த டிக்கெட் விலை 77 பவுண்ட் என்று அறிவித்தார்கள். அதுவரை உச்ச விலை 59. அதற்கு முன்பே ரசிகர் குழுக்கள் கிளப்போடு உட்கார்ந்து பேசிப் பார்த்து, பேச்சு முறிந்திருந்தது. 2008இல் தொடங்கிய ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி என்ற சங்கமும் கோப் கேலரிக் குழுவும் சேர்ந்து ஒரு காரியம் சொன்னார்கள்: 77ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியே போங்கள். 2016 பிப்ரவரி 6, சண்டர்லாந்துடன் ஆட்டம். லிவர்பூல் 2-0 என்று முன்னிலையில் இருக்கும்போதே ஏறத்தாழ 10 ஆயிரம் பேர் எழுந்து போனார்கள். காலியான இருக்கைகளுக்கு முன்னால் ஆட்டம் 2-2 என்று முடிந்தது. நாலே நாளில் உரிமையாளர்கள் 77 பவுண்டைத் திரும்பப் பெற்று, உச்ச விலையை 59இலேயே இரண்டு பருவத்துக்கு நிறுத்திவைத்தார்கள்.

இது ஏன் பலித்தது என்று பார்க்க வேண்டும். கோரிக்கை ஒன்றே ஒன்று. அதை ஒரு எண்ணால் சொல்ல முடிந்தது. அதே எண்ணைக் கடிகாரத்திலும் காட்ட முடிந்தது. கலந்துகொள்ள எவரும் எந்தச் செலவும் செய்ய வேண்டியதில்லை, கைகலப்புக்கு இடமில்லை, போலீசுக்கு வேலையில்லை. முக்கியமாக, எத்தனை பேர் ஒத்துப்போகிறார்கள் என்பது அரங்கத்திலேயே எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. உறுப்பினர் பதிவேட்டுக்கு வெளியே இருந்தவர்களும் எழுந்து நடந்து வாக்களித்தார்கள். அந்தக் கிளப்பில் 2021இல் ஆதரவாளர் வாரியம் ஒன்று ஏற்பட்டது. ரசிகர்களிடம் எந்தெந்த விஷயங்களில் கலந்துபேச வேண்டும் என்பது கிளப்பின் சட்டதிட்டத்திலேயே ஏறியது. அந்த ஆண்டு ஏப்ரலில் 12 பெரிய கிளப்புகள் சேர்ந்து அறிவித்த ஐரோப்பிய சூப்பர் லீக், அதிலிருந்த ஆறு இங்கிலாந்து கிளப்புகளும் இரண்டே நாளில் விலகியதால் கவிழ்ந்ததுதான் அதற்கு உடனடிக் காரணம். சூப்பர் லீக்கை ரசிகர்கள் மட்டுமே கவிழ்த்தார்கள் என்று எழுதுவது மிகை. பிரிட்டன் அரசு சட்டம் கொண்டுவருவோம் என்றது, ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் தடை போடுவோம் என்றது. தெருவில் நின்ற ரசிகர்கள் அந்த இரண்டுக்கும் துணிச்சல் கொடுத்தார்கள்.

பங்கு கையில் இருந்தும் தோற்றதற்கு மான்செஸ்டர் யுனைடெட் உதாரணம். 2005இல் கிளேசர் குடும்பம் கிளப்பை வாங்கியபோது, சிறு பங்குதாரர்களாக ஆயிரக்கணக்கான ரசிகர்கள் இருந்தார்கள், அமைப்பாகவும் இருந்தார்கள். ஆனால் பெரும் பங்குகளை வைத்திருந்தவர்கள் விற்றுவிட்டார்கள். வாங்குபவர் கையில் 90 சதவீதத்துக்கு மேல் போனதும், விற்க மறுத்தவர்களின் பங்கும் கட்டாயமாக வாங்கப்பட்டது. கொஞ்சம் பங்கு என்பது நல்ல நினைவுப் பொருள். தடுக்கும் சக்தி அதற்குக் கிடையாது.

விம்பிள்டன் ரசிகர்கள் வேறு வழி போனார்கள். 2002இல் தங்கள் கிளப்பை மில்டன் கீன்ஸ் நகரத்துக்கு இடம் மாற்ற அனுமதி கிடைத்ததும், புதிதாக ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கி, அடிமட்ட லீக்கிலிருந்து ஏறி, 2011இல் தொழில்முறை லீக்குக்கு வந்தார்கள். 2020 நவம்பரில் பழைய பிளவ் லேன் தெருவிலேயே சொந்த அரங்கத்தில் ஆடினார்கள். கிளப் டான்ஸ் டிரஸ்ட் என்ற ரசிகர் அறக்கட்டளையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஆளுக்கு ஒரு வாக்கு. அங்கே ரசிகர்தான் முதலாளி. அதற்கான விலையையும் ரசிகர்தான் கொடுக்க வேண்டும். பணக்கார முதலாளி உள்ள கிளப் வாங்குகிற வீரரை அவர்களால் வாங்க முடியாது.

ஜெர்மனியில் 1998 முதல் 50+1 விதி இருக்கிறது. கால்பந்து நிறுவனத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடம் இருக்க வேண்டும் என்பது அது. லேவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் போன்ற விதிவிலக்குகள் உண்டு. இவ்வளவு வலுவான விதி இருந்தும் என்ன நடந்தது என்று பாருங்கள். 2023 டிசம்பரில் லீக்கின் வணிக வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டாளருக்குக் கொடுக்க 36 கிளப்புகள் ரகசிய வாக்கெடுப்பு நடத்தின. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். சரியாக 24 வாக்கு விழுந்தது. ஹானோவர் 96 கிளப்பின் உறுப்பினர் சங்கம் எதிர்த்து வாக்களிக்கும்படி நிர்வாகி மார்ட்டின் கிண்டுக்கு உத்தரவிட்டிருந்தது. அவர் எப்படி வாக்களித்தார் என்பது வாக்குச்சீட்டு ரகசியத்தால் வெளியே வரவில்லை. ஒரே ஒரு வாக்கில் நின்ற தீர்மானம் என்பதால் சந்தேகம் பற்றிக்கொண்டது. வாரக்கணக்கில் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரி 21இல் லீக் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. உறுப்பினருக்கு வாக்கு இருந்தால் மட்டும் போதாது, அந்த வாக்கைச் சுமந்துகொண்டு போகிறவர் என்ன செய்தார் என்று பார்க்கவும் வழி வேண்டும்.

பார்சிலோனாவில் உறுப்பினர்களே தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், வேண்டாமென்றால் இறக்கவும் முடியும். 2020இல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு 16,520 கையெழுத்து தேவைப்பட்டது. கொரோனா காலத்திலும் 20 ஆயிரத்துக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். உறுப்பினர் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் செல்லாததைக் கழித்த பிறகும் தேவைக்கு மேல் நின்றது. வாக்கெடுப்பு வருமுன்பே, அக்டோபர் 27 அன்று தலைவர் பார்த்தமேயு பதவி விலகினார். அங்கே ஜெயித்தது கூச்சல் அல்ல, பதிவேடு.

நம் நாட்டுக்கு வருவோம். கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கும் அதன் முதலீட்டாளருக்கும் ஒப்பந்தச் சிக்கல் வந்தபோது, 2021 ஜூலை 21 அன்று கிளப் வாசலில் ரசிகர்கள் கூடினார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்லி ஒரு தரப்பு, நிர்வாகிகளுக்கு ஆதரவாக இன்னொரு தரப்பு. மோதல் வந்தது, போலீஸ் தடியடி நடத்தியது. இரண்டு தரப்பும் ‘ரசிகர்கள்’தான். அடுத்த மாதம் அந்தப் பருவத்துக்கான சிக்கலைத் தீர்த்துவைத்தது முதலமைச்சரின் தலையீடு. நூறாண்டு கண்ட கிளப், லட்சக்கணக்கான ஆதரவாளர்கள். ஆனாலும் எந்தத் தரப்புக்கு எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல யாரிடமும் ஏடு இல்லை.

பக்கத்துக் கிளப்பான மோகன் பகானில் வேறு மாதிரி நடந்தது. 2020இல் கால்பந்து நிறுவனத்தின் 80 சதவீதப் பங்கை ஏ.டி.கே. அணியின் முதலாளிகள் வாங்கி, அணிக்கு ஏ.டி.கே. மோகன் பகான் என்று பெயர் வைத்தார்கள். 1889இல் தொடங்கிய கிளப்பின் பெயருக்கு முன்னால் வேறொரு பெயர் ஒட்டியதை ரசிகர்கள் தாங்கவில்லை. அந்த மூன்றெழுத்தை நீக்கு என்ற ஒரே கோரிக்கையை மூன்று பருவம் விடாமல் பிடித்தார்கள். 2023 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற இரவில் உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா பெயர் மாற்றத்தை அறிவித்தார். ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயர் மாறியது, பங்கு மாறவில்லை. பழைய பெயரும் அப்படியே திரும்பி வரவில்லை. ‘சூப்பர் ஜயன்ட்’ என்று முதலாளிகளின் சொல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. உணர்ச்சியைத் தொடுகிற, முதலாளிக்குப் பணச் செலவு குறைந்த விஷயங்களில் ரசிகர் வெல்ல முடியும். பணம் யார் கையில் என்ற விஷயத்தில் வெல்ல வேறு ஆயுதம் வேண்டும்.

கேரளாவில் 2024-25 பருவத்தில் அணி தொடர்ந்து தோற்றபோது, மஞ்ஞப்பட டிக்கெட் விற்பனையிலிருந்து விலகிக்கொள்வதாக அறிவித்து, அரங்குக்கு உள்ளும் வெளியும் எதிர்ப்பைக் காட்டியது. கிளப் 2025 தொடக்கத்தில் ரசிகர் ஆலோசனைக் குழு அமைப்பதாக அறிவித்தது. நாட்டிலேயே அதிகக் கூட்டம் வரும் அரங்குகளில் ஒன்று கொச்சி என்பதால் அந்தக் குரலுக்கு எடை இருந்தது. நம் கிளப்புகளின் செலவில் டிக்கெட் வருமானம் சிறு பகுதிதான். ஆனால் காலி மஞ்சள் இருக்கைகள் தொலைக்காட்சியில் தெரிந்தால் விளம்பரதாரர் கேள்வி கேட்பார். அந்த ஆலோசனைக் குழு அறிவிப்பு நல்ல தொடக்கம். இப்படி எந்தக் கிளப் ஆலோசனைக் குழு அமைத்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: உறுப்பினர்களை யார் பொறுக்கி எடுக்கிறார்கள்? கிளப்பே விண்ணப்பம் வாங்கிக் கிளப்பே தேர்ந்தெடுத்தால், அது கிளப்பின் ஆலோசகர் குழு. ரசிகர்கள் வாக்களித்து அனுப்பினால்தான் பிரதிநிதி.

ஆலோசனைக் கூட்டத்தில் என்ன தவறும் என்பது தெரிந்த கதை. கிளப் தரப்பில் சமூக ஊடகம் பார்ப்பவர் வந்து உட்காருவார், எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார், மேலே சொல்கிறேன் என்பார். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் வராத கூட்டத்துக்குப் போகாதீர்கள். பேசவேண்டிய விஷயங்களை ஒரு வாரம் முன்பே எழுத்தில் கொடுங்கள், நான்குக்கு மேல் வேண்டாம். இரு தரப்பிலும் ஒருவர் குறிப்பெடுத்து, பத்து நாளுக்குள் ஒப்பிட்டுக் கையெழுத்திட்டு வெளியிடுங்கள். ஆகும், ஆகாது என்ற பதில்கள் இரண்டுமே நல்லவை. ‘பார்க்கலாம்’ என்ற பதிலுக்குப் பக்கத்தில் ஒரு தேதியும் பொறுப்பானவர் பதவியும் இல்லாமல் எழுந்து வராதீர்கள். எந்தப் பயிற்சியாளர், எந்த வீரர் என்ற பேச்சை எடுக்கவே கூடாது. அதில் ஒருநாளும் உங்களுக்குச் செல்வாக்கு வராது, மற்றதைக் கேட்கும் தகுதியும் போய்விடும். டிக்கெட் விலை, வாயில் திறக்கும் நேரம், தண்ணீர், கழிப்பறை, வெளியூர் ரசிகருக்கான பகுதி, ஜெர்சி நிறம், சின்னம், அரங்கம் மாற்றம், உரிமை கைமாற்றம். இதற்கே ஒரு பருவம் போதாது.

இரண்டு பருவம் முடிந்ததும் தங்கள் செல்வாக்கைத் தாங்களே அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. கேட்ட ஒவ்வொன்றையும் எழுதி, கேட்ட தேதி, கிளப் அதற்கு முன்பு சொன்ன நிலை, பிறகு எடுத்த முடிவு என்று எதிரெதிரே போடுங்கள். கிளப் எப்படியும் செய்ய இருந்ததைக் கழித்துவிடுங்கள். நீங்கள் கேட்டதால் திசை மாறியது எத்தனை என்பதுதான் கணக்கு. இருபது கோரிக்கையில் மூன்று தேறினால் அது நல்ல சங்கம்.

இங்கிலாந்தில் இப்போது சட்டமே வந்துவிட்டது. கால்பந்து நிர்வாகச் சட்டம் 2025 ஜூலையில் அரச ஒப்புதல் பெற்றது. தனி ஒழுங்குமுறை ஆணையம் அமைந்திருக்கிறது. சின்னத்தையோ ஜெர்சியின் முதன்மை நிறத்தையோ மாற்ற வேண்டுமானால், கிளப் தன் ரசிகர்களில் பெரும்பான்மையினர் ஆதரவு இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். 2012இல் கார்டிஃப் சிட்டியின் முதலாளி நீல ஜெர்சியைச் சிவப்பாக்கி, ரசிகர் எதிர்ப்பால் 2015 ஜனவரியில் மறுபடி நீலத்துக்குத் திரும்பிய கதையெல்லாம் இதற்குப் பின்னால் இருக்கிறது. எங்கள் பகுதி இளைஞர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சொற்றொடர் அதில் உண்டு: இங்கிலாந்திலும் வேல்சிலும் உள்ள ரசிகர்களின் பெரும்பான்மை. காரைக்குடியில் ராத்திரி விழித்து ஆர்சனலையும் லிவர்பூலையும் பார்க்கிறவர் எவ்வளவு உயிரைக் கொடுத்தாலும் அந்தக் கணக்கில் வரமாட்டார். அவருடைய குரல் எண்ணப்படக் கூடிய இடம் அவரது மாநிலக் கிளப்பும் ஊர் அணியும்தான்.

ஊர் அணி என்றதும் சொல்கிறேன். செட்டிநாட்டு ஊர்களில் விளக்கு வெளிச்சத்தில் அணிக்கு ஏழு பேர், ஐந்து பேர் என்று ஆடும் செவன்ஸ், ஃபைவ்ஸ் ஆட்டங்களுக்குக் கோப்பையும் பரிசுத் தொகையும் நன்கொடையாளர்கள் தருகிறார்கள். நன்கொடை நின்றால் அணி நிற்கிறது. ஐம்பது பேர் மாதம் ஐம்பது ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 30 ஆயிரம். பந்து, வலை, சுண்ணாம்பு, முதலுதவிப் பெட்டி அதில் அடங்கிவிடும். அந்த ஐம்பது பேருக்கும் ஒரு வாக்கு என்றால், பதிவேடு வைப்பதற்கும் கூட்டக் குறிப்பு எழுதுவதற்கும் இதைவிட நல்ல பழகுமிடம் வேறு கிடையாது. 2018-19இல் ஐ-லீக் கோப்பையை வென்ற சென்னை சிட்டி அணி இன்று அந்த லீக்கிலேயே இல்லை. கோயம்புத்தூர் அரங்கில் அதற்காகக் கத்தியவர்களிடம் அணியைத் தாங்கிப் பிடிக்க ஒரு சங்கமோ நிதியோ கையில் இருந்திருந்தால், முதலாளியிடம் பேசவாவது ஒரு பிடி கிடைத்திருக்கும்.

உங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ரசிகர்கள் கொந்தளிப்பு, ரசிகர்கள் வரவேற்பு என்று தலைப்பிடும் முன், அறிக்கை விட்ட குழுவிடம் உங்கள் நிருபர் நான்கு விஷயங்களைக் கேட்கட்டும்: இந்த ஆண்டு சந்தா கட்டிய உறுப்பினர் எத்தனை பேர், கடைசித் தேர்தல் எப்போது நடந்தது, இந்த முடிவுக்கு எத்தனை பேர் வாக்களித்தார்கள், கிளப்பிடமிருந்து என்ன பெறுகிறார்கள். பதிலைச் செய்தியின் இரண்டாவது பத்தியிலேயே போடுங்கள். பதில் சொல்ல மறுத்தால், மறுத்தார்கள் என்று போடுங்கள்.

இப்படிக்கு,
கால்பந்து வாசகர்,
காரைக்குடி.